படிச்சாதான் தவில்னு சொல்லாதீங்க

நம்ம பக்கத்துல பல வீட்டுல பாத்துட்டேன், பிள்ளைக்கு எது நல்லா வருதோ அதைப் புடுங்கி பரண் மேல போட்டுட்டு, எது வரலையோ அதையே காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் உக்காத்தி வெச்சு செய்யச் சொல்லுவாங்க. செஸ் போர்டு, வரையற நோட்டு, ஸ்க்ரூ டிரைவர், எதா இருந்தாலும் சரி, "மொதல்ல மார்க்கு வாங்கு, அப்புறம் தரேன்". சாதாரணமா படிக்கற பிள்ளைன்னா ரெண்டு நாள் மூஞ்சத் தூக்கி வெச்சுக்கும், அவ்வளவுதான். ஆனா படிக்கறதுலயோ எழுதறதுலயோ பிறவிலயே ஒரு சிக்கல் இருந்து, அதே சமயம் வேற ஒரு விஷயத்துல வயசுக்கு மீறின மூளை இருக்கற பிள்ளைக்கு இதைச் செஞ்சா அந்தப் பிள்ளைகிட்ட மிச்சம்னு ஒன்னுமே இருக்காது. இப்படி ரெண்டும் சேர்ந்து இருக்கற பிள்ளைங்கள ட்வைஸ் எக்ஸப்ஷனல்னு சொல்றாங்க. பேரு என்னவா வேணா இருக்கட்டும், பிள்ளைங்க நம்ம தெருவுலதான் இருக்காங்க.

நான் நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்துல டியூஷன் எடுக்கறேன், ஆறாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும். சிறப்புக் கல்வில டிப்ளமோ முடிச்சிருக்கேன், அதனால எழுத்து வராத பிள்ளைன்னா அக்கம்பக்கத்து ஊருலேர்ந்தும் கொண்டாந்து விடுவாங்க. அப்படி வந்தவன்தான் இந்தப் பையன், ஏழாவது. பேரு வேண்டாம். தவில் குடும்பம், தாத்தா இன்னும் வாசிக்கறார். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளைன்னு தவில்ல பெரிய பெரிய ஆளுங்க பொறந்த மண்ணு இது, அந்தப் பேரையெல்லாம் தாத்தா சொல்லும்போதே கன்னத்துல போட்டுக்குவார். பையன் அஞ்சு வயசுலேர்ந்து அவர் மடிகிட்ட உக்காந்து தவில் அடியை வாயால சொல்லற சொல்லு சொன்னவன். முகூர்த்த நாள்னா தாத்தாகூட கல்யாணத்துக்குப் போயிடுவான்.

அவன் கணக்கு நோட்டைப் பாத்தீங்கன்னா பகீர்னு இருக்கும். 17ஐ 71ன்னு எழுதியிருப்பான், கூட்டல்ல மேல இருக்கற நம்பரும் கீழ இருக்கற நம்பரும் ஒரே நேர்ல நிக்காது, கையெழுத்து கோட்டை விட்டு இறங்கி அடுத்த கோட்டுக்குள்ள போயிடும். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னா ஆறாம் வாய்ப்பாட்டுல தடுக்கி விழுவான். தமிழ்ப் புத்தகத்துல ஒரு பத்தி படிக்கறதுக்குள்ள வேர்த்துடும். கணக்குல மார்க்கு ஒத்தை இலக்கத்துலதான் வரும்.

ஒருநாள் சும்மா பேச்சுக்கு, தவில்ல முடிவு வைக்கறீங்களே அது எப்படிடா சரியா சமத்துல, தாளம் மறுபடி ஆரம்பிக்கற எடத்துல, வந்து விழுதுன்னு கேட்டேன். ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனத்துல, அதாவது ஒரு சுத்துல, எட்டு அடி, அடிக்கு நாலுன்னு 32 மாத்திரை. ஒரே சொல்லை மூணு தடவை வாசிச்சு, நடுவுல ரெண்டு எடத்துல கார்வை, அதாவது இடைவெளி, விட்டு, 32ல முடிக்கணும். பையன் தொடையில தாளம் போட்டுக்கிட்டே சொன்னான், "ததிங்கிணதொம் அஞ்சு மிஸ், ரெண்டு தரம் சொன்னா பத்து, அதை மூணு தரம் வெச்சா முப்பது, நடுவுல ஒவ்வொரு கார்வை, ரெண்டு. சரியாப் போச்சா?" சரி, பத்து வேணாம், வேற சொல்லு வெச்சு முடின்னேன். கண்ணை மூடிக்கிட்டு வரிசையா சொல்றான், எட்டுன்னா நாலு கார்வை, ஆறுன்னா ஏழு கார்வை, நாலுன்னா பத்து. "அதுக்கு மேல கார்வை விட்டா சபைல எல்லாரும் எந்திரிச்சுப் போயிடுவாங்க மிஸ்." அப்ப ஒன்பது வெச்சு முடிக்க முடியுமான்னு கேட்டேன். யோசிக்கவே இல்ல, "ஒத்தப்படை எதுவுமே வராது மிஸ், கார்வை ரெண்டு எடத்துல சமமா விடறோம், அது எப்பவும் ரெட்டப்படை, 32ம் ரெட்டப்படை, அப்ப மூணு தரம் சொல்றதும் ரெட்டப்படையாதானே இருக்கணும்".

எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. அவன் சொன்னதை நோட்டுல அப்படியே இயற்கணிதமா எழுதினேன், 3x + 2y = 32, x சொல்லோட அளவு, y கார்வை. இதுக்கு எத்தனை விடை இருக்கு, x ஏன் ஒத்தப்படையா இருக்க முடியாதுன்னு கேக்கறது காலேஜ்ல எண் கோட்பாடு ஆரம்பிக்கும்போது தர்ற வகைக் கணக்கு. அதை ஏழாவது படிக்கற பையன் காரணத்தோட வாய்ல சொல்றான், அதே பையன் பரிச்சை பேப்பர்ல 17ஐ 71ன்னு எழுதி தப்பு வாங்கிட்டு வர்றான். ரெண்டும் நிஜம். ஒன்னு நிஜம்ங்கறதுக்காக இன்னொன்னு பொய்யாயிடாது, இதை மட்டும் புரிஞ்சுக்கிட்டாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

ஆனா நடக்கறது என்னன்னா, தவில்ல இவ்வளவு கெட்டிக்காரனா இருக்கறவனுக்கு எழுத மட்டும் எப்படி வராம போகும், கொழுப்பு, சோம்பேறித்தனம்னு ஸ்கூல்ல சொல்றாங்க. வீட்டுலயும் அதேதான். திறமை வெளில தெரியறதாலயே குறையை யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. இன்னும் சில பிள்ளைங்களுக்கு நேர் மாறா, குறைதான் எல்லார் கண்ணுலயும் படும், ஸ்லோ லேர்னர்னு பேரு வெச்சு கடைசி பெஞ்சுல உக்கார வெச்சுடுவாங்க, உள்ள என்ன இருக்குன்னு ஒரு ஆளு பாக்க மாட்டாங்க. மூணாவது ஒரு வகை இருக்கு, அதுதான் எனக்கு ரொம்ப பயமா இருக்கறது, ரெண்டும் ஒன்னை ஒன்னு மறைச்சுக்கிட்டு பிள்ளை சுமாரா தெரியும். அம்பது அம்பத்தஞ்சு மார்க்கு வாங்கும், பாஸ் ஆயிடும், யாருக்கும் கவலை இல்ல.

அப்படி ஒரு பொண்ணு எங்கிட்ட இருக்கு, ஒன்பதாவது. அஞ்சாவது வரைக்கும் கிளாஸ்ல மொத ரேங்க்காம். எப்படின்னா பக்கத்துப் பிள்ளைங்க சத்தமா படிக்கறதை ஒரு தடவை கேட்டா போதும், அப்படியே மனசுல ஏறிடும். டீச்சர் வாசிக்கச் சொன்னா புத்தகத்தைப் பாத்துக்கிட்டே மனப்பாடமா சொல்லிடும், யாருக்கும் சந்தேகமே வராது. ஆறாவது ஏழாவதுன்னு போகப்போக பாடம் பெருசாயிடுச்சு, காதால மட்டும் கேட்டு சமாளிக்க முடியல, மார்க்கு சரிய ஆரம்பிச்சுது. பரிச்சை அன்னிக்கு வயித்து வலி, தலைவலி. அவங்க அம்மா எங்கிட்ட வந்து, "வாயி மட்டும் காது வரைக்கும் இருக்கு டீச்சர், அப்பாவையே எதுத்து சட்டம் பேசுது, புத்தகத்தை எடுத்தா மட்டும் தூக்கம் வருதுங்கறா"ன்னாங்க. அந்தப் பொண்ணு பேசற பேச்சை நான் கேட்டிருக்கேன், நூறு நாள் வேலைல ஒரு பாட்டிக்கு சம்பளம் வரலைன்னு பஞ்சாயத்து ஆபீஸ்ல போயி நின்னு, எந்தத் தேதில எந்த வாரத்துக்கு வரணும்னு ஒரு பேப்பரும் இல்லாம வரிசையா சொல்லியிருக்கு. பொம்பளப் பிள்ளைங்க அடங்கி உக்காந்து சமாளிச்சுக்கறதால அவங்களைக் கண்டுபிடிக்கறது இன்னும் லேட்டாகும். மார்க்கு குறைஞ்சா "படிப்பு ஏறல, போதும்"னு வீட்டுலயே நிறுத்திடுவாங்களோங்கற பயம் வேற.

தமிழ் எழுத்து சுலபம், எழுதின மாதிரியே படிக்கலாம், டிஸ்லெக்ஸியா, அதாவது படிக்கறதுல வர்ற சிக்கல், எல்லாம் இங்கிலீஷ்காரனுக்குத்தான்னு ஒரு ஹெட்மாஸ்டரே சொல்லக் கேட்டிருக்கேன். அப்படி இல்லங்க. இங்கிலீஷ்ல இந்தப் பிள்ளைங்க தப்புத் தப்பா படிக்கும், தமிழ்ல ஓரளவு சரியா படிச்சாலும் ரொம்ப மெதுவா படிக்கும், எழுத்துக் கூட்டிக் கூட்டி, வரி முடியறதுக்குள்ள மொத வார்த்தை மறந்து போற அளவுக்கு மெதுவா. அதனால தமிழ்ல தப்பு இல்லையேன்னு விட்டுடறாங்க. அதோட நம்ம எழுத்துல 247ஐ கண்ணால பிரிச்சுப் பாக்கணும், 'கே'ல ஒலி வர்றது க் மொதல்ல ஏ அப்புறம், ஆனா எழுதறப்ப ஏகாரக் கொம்பு க-வுக்கு முன்னாடி வந்துடும், 'கோ'ல முன்னாடி கொம்பு, பின்னாடி கால்னு ரெண்டு பக்கமும் நிக்கும். க-ன்ற ஒரே எழுத்து கல்லுல ஒரு மாதிரி, தங்கத்துல ஒரு மாதிரி ஒலிக்கும். நமக்கு இது பழகிப் போச்சு. அந்தத் தவில் பையன் நோட்டுல 'கோவில்'ன்னு எழுத வேண்டிய எடத்துல கொம்பு எந்தப் பக்கம்னு முடிவு பண்ண முடியாம கொம்பையும் காலையும் ஒரே பக்கம் போட்டு அடிச்சு அடிச்சு எழுதினதுல பேப்பரே கிழிஞ்சிருந்துச்சு.

இனி தவில் விஷயத்துக்கு வரேன். அரைப்பரிச்சை மார்க்கு வந்ததும் பையனோட அப்பா தவிலை எடுத்து துணி சுத்தி பரண்ல ஏத்திட்டார். முழுப்பரிச்சைல எல்லாப் பாடத்துலயும் பாஸானா இறக்கறேன்னு சொல்லிட்டார். அவரை நான் கெட்டவர்னு சொல்ல மாட்டேன், வாசிப்புல வருமானம் எப்படி ஏறி இறங்கும்னு பாத்து வளந்தவர், பையனாவது படிச்சு ஒரு வேலைக்குப் போகட்டும்னு நினைக்கறார். ஆனா அடுத்து என்ன ஆச்சு? பையன் பேச்சு நின்னு போச்சு. டியூஷன்ல வந்து உக்காருவான், பேனாவைத் திறக்க மாட்டான். ஸ்கூல் இருக்கற நாளுல காய்ச்சல்னு படுத்துக்குவான். தாத்தா ஒருநாள் எங்க வாசல்ல வந்து நின்னு, "அம்மாடி, பய விரலு கூட ஆடலம்மா, பஸ்ஸுல போறப்ப கூட கம்பில தாளம் போடுவான், இப்ப அதுவும் இல்ல"ன்னு கண்ணு கலங்கிட்டார்.

அவங்க அப்பாகிட்ட நான் உக்காந்து பேசினேன், கோவமாத்தான் பேசினேன். தினம் ஆறேழு மணி நேரம் ஸ்கூல்ல அவனுக்கு வராததை மட்டும் செஞ்சுட்டு வர்றான், எல்லார் முன்னாடியும் தோத்துட்டு வர்றான். நான் யாருன்னு அவனுக்கே ஒரு நம்பிக்கை குடுக்கறது அந்த ஒரு மணி நேரத் தவில்தான். அதையும் எடுத்துட்டா எதை வெச்சு அவன் மறுநாள் காலைல ஸ்கூலுக்குப் போவான்? அவன் எழுதாதது தண்டனை பத்தாததால இல்ல, அவன் மூளை எழுத்தைக் கையாளற விதம் வேற, தவில் பரண்ல இருந்தா அது மாறிடாது. இவ்வளவும் சொன்னேன். அப்பா ஒன்னும் பேசல. ஒரு வாரம் கழிச்சு தவில் இறங்கிச்சு.

அதுக்கப்புறம் வாய்ப்பாட்டை ஜதில போட்டோம், ஏழாம் வாய்ப்பாட்டை தகிட தகதிமின்னு ஏழு எண்ணிக்கை வர்ற மிஸ்ர நடைல சொல்லிக்கிட்டே போனா 49, 56 எல்லாம் வந்து விழுது. இதுலயும் ஒரு எச்சரிக்கை சொல்லணும். திறமையை எப்பப் பாத்தாலும் பாடம் ஏத்தற வண்டியாவே ஆக்கிடக் கூடாது. தவில் தவிலா இருக்கணும், அதுல அவன் முன்னேறிக்கிட்டே இருக்கணும். மாவட்ட அரசு இசைப்பள்ளில 12 வயசுலேர்ந்து தவில் சேத்துக்கறாங்க, எழுதப் படிக்கத் தெரிஞ்சா போதும்னுதான் தகுதி வெச்சிருக்காங்க, மூணு வருஷ சான்றிதழ். திருவையாறுல அரசு இசைக் கல்லூரி இருக்கு. அதே மாதிரி கணக்குலயும் அவன் புரிஞ்சுக்கற உயரத்துக்கு ஏத்த கணக்கைக் குடுக்கணும். எழுத்து நாலாவது லெவல்ல இருக்குன்னு கணக்கையும் நாலாவது லெவல்ல குடுத்தா அவனுக்கு அது அவமானம். இந்தப் பிள்ளைங்களுக்கு, பின்தங்கினவங்களுக்குன்னு தனியா எடுக்கற ரெமீடியல் கிளாஸ் பிடிக்காம போறதுக்கு முக்கியக் காரணம் இதுதான், மூளைக்குத் தீனியே இருக்காது.

கும்பகோணம் பக்கம்ங்கறதால இந்தப் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் "ராமானுஜனே ஃபெயிலானவர்தாங்க"ன்னு ஆறுதல் சொல்லுவாங்க. எனக்கு இந்த ஆறுதல் பிடிக்காது. ராமானுஜனுக்கு எழுதறதுல படிக்கறதுல குறை இருந்துச்சுன்னு எந்த ஆதாரமும் இல்ல, அவர் டவுன் ஹைஸ்கூல்ல பரிசு வாங்கி வெளில வந்தவர். 1904ல கும்பகோணம் அரசு காலேஜ்ல ஸ்காலர்ஷிப்போட சேந்தார், கணக்கைத் தவிர மத்த பாடத்துல மார்க்கு வரலைன்னு அந்த ஸ்காலர்ஷிப்பை நிறுத்திட்டாங்க. அப்புறம் சென்னை பச்சையப்பாஸ்ல சேந்தும் எஃப்.ஏ.ங்கற அந்தக் காலத்துக் காலேஜ் பரிச்சைல பாஸ் ஆகல. அந்தக் கதைல நாம பாக்க வேண்டியது அவர் கடைசில ஜெயிச்சதை இல்ல, வராத பாடத்தைக் காட்டி வர்ற பாடத்துக்கான கதவைச் சாத்தினாங்களே அதை. அது இன்னிக்கும் ஒவ்வொரு ஸ்கூல்லயும் நடக்குது. ராமானுஜன் திறமையைக் கண்டுபிடிச்ச கணக்குப் பேராசிரியர் ஹார்டி மாதிரி, எல்லாருக்கும் கேம்பிரிட்ஜ்லேர்ந்து ஒருத்தர் லெட்டர் போட மாட்டார்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பல பெத்தவங்களுக்குத் தெரியல. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016ல மொத்தம் 21 வகை இருக்கு, அதுல குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்னு, டிஸ்லெக்ஸியா, டிஸ்கிராஃபியா (எழுதறதுல சிக்கல்), டிஸ்கால்குலியா (கணக்குல சிக்கல்) எல்லாம் அதுல அடக்கம். 2018ல மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்ல எட்டு வயசுலேர்ந்து சான்றிதழ் குடுக்கலாம், 14 வயசுல ஒரு தடவை, 18 வயசுல ஒரு தடவை மறுபடி பாக்கணும், 18ல குடுக்கறது ஆயுசுக்கும்னு இருந்துச்சு. நம்ம ஸ்டேட் போர்டு பொதுத்தேர்வுல சான்றிதழ் இருக்கற பிள்ளைக்கு சொல்வதை எழுத ஆள், ஒரு மணி நேரம் கூடுதல், ஒரு மொழிப்பாட விலக்கு இதெல்லாம் கேக்கலாம். இது சலுகை, பிச்சை, குறுக்கு வழின்னு நினைக்கறவங்க இருக்காங்க. "நல்லா பேசறானே, இவனுக்கு எதுக்கு ஆளு"ன்னு ஒருத்தர் என் முன்னாடியே கேட்டார். நல்லா பேசறதாலதான் சார் ஆளு வேணும், அவன் மண்டைல இருக்கற விடை பேப்பருக்கு வரணும்ல.

சான்றிதழுக்காக டெஸ்ட் எடுக்கப் போறப்ப ஒன்னு கவனிங்க. ஐக்யூ டெஸ்ட்ங்கறது ஒரே டெஸ்ட் இல்ல, பல சின்னச் சின்ன டெஸ்ட் சேந்தது. சொல் அர்த்தம், ஒற்றுமை சொல்றது, கட்டையை அடுக்கி டிசைன் பண்றது, குறியீட்டைப் பாத்து வேகமா எழுதறதுன்னு தனித்தனியா இருக்கும். இந்தப் பிள்ளைங்க ஒன்னுல ரொம்ப மேல போவாங்க, வேகமா எழுதறதுல கீழ விழுவாங்க, ரெண்டையும் கூட்டி சராசரி எடுத்தா "ஆவரேஜ்"னு வரும். அந்த ஒன்பதாவது படிக்கற பொண்ணுக்கு ஒரு எடத்துல அப்படித்தான் ஒரே ஒரு நம்பரைக் குடுத்து, பிரச்சனை ஒன்னுமில்ல, கவனமா படிக்கச் சொல்லுங்கன்னு அனுப்பிட்டாங்க. தனித்தனி ஸ்கோர் வேணும்னு கேட்டு வாங்கினப்பறம்தான் மலையும் மடுவுமா இருந்தது தெரிஞ்சுது. அந்த இடைவெளிதான் முக்கியம், மொத்த நம்பர் இல்ல. அதனால ரிப்போர்ட்ல ஒவ்வொரு பகுதியோட மார்க்கும் எழுதித் தரச் சொல்லுங்க, அதைக் கேக்கத் தயங்காதீங்க.

டியூஷன்ல நான் செய்யறது பெருசா ஒன்னுமில்ல. கேள்வியை நான் படிச்சுக் காட்டுவேன், பிள்ளை வாய்ல பதில் சொல்லும், மார்க்கு அந்த வாய்ப் பதிலுக்கு. எழுத்துப் பயிற்சி தனியா, வேற நேரத்துல, கொஞ்சமா. கணக்குக்கு கட்டம் போட்ட நோட்டு, ஒரு கட்டத்துல ஒரு நம்பர், அதுலயே பாதி தப்பு போயிடும். அரசுப் பாடப்புத்தகத்துல க்யூஆர் கோடு இருக்கு, ஸ்கேன் பண்ணா வீடியோ வரும், படிக்கறதுக்கு பதிலா கேட்டுப் புரிஞ்சுக்கலாம். அந்தப் பொண்ணு போன்ல வாய்ஸ் டைப்பிங்ல தமிழ்க் கட்டுரை சொல்லுது, அது சொல்ற கட்டுரையைக் கேட்டா நீங்க அசந்து போவீங்க. பத்து தடவை எழுது, இருபது தடவை எழுதுங்கற இம்போசிஷன் எங்க வீட்டுத் திண்ணைல கிடையாது.

ஸ்க்ரைப், அதாவது சொல்றதை எழுதற ஆள், கிடைக்கும்னு சொன்னதும் பிரச்சனை தீந்துடுச்சுன்னு நினைக்காதீங்க, இன்னொருத்தரை வெச்சு எழுத வைக்கறதே ஒரு தனி வித்தை. எங்க கமா, எங்க அடுத்த வரி, வகுத்தல்ல எந்த நம்பர் எங்க வரணும்னு வாயால சொல்லிப் பழகணும். எட்டாவதுலயே ஆரம்பிச்சா பத்தாவதுக்குள்ள கை வந்துடும். ஹெச்.எம். கிட்டயும் ஒன்பதாவது படிக்கறப்பவே பேசிடுங்க, பத்தாவது பாதில போனா டாக்டர் தேதி, மெடிக்கல் போர்டு தேதி, கையெழுத்துன்னு அலைஞ்சே காலம் போயிடும். சம்பா நடவு நேரம்னா அதுக்கும் ஆளு இருக்காது வீட்டுல. வட்டார வள மையத்துல சிறப்புப் பயிற்றுநர் இருப்பாங்க, எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியலைன்னா மொதல்ல அங்க போங்க.

போறப்ப ஒரு பைல ரெண்டு விஷயம் எடுத்துக்கங்க. ஒன்னு, மூணாவதுலேர்ந்து இப்ப வரைக்கும் கிடைக்கற பழைய நோட்டு எல்லாம், திருத்தாம, அட்டை போடாம, அப்படியே. இன்னொன்னு, பிள்ளை தனக்குப் புடிச்சதைச் செய்யறப்ப போன்ல எடுத்த வீடியோ, அது தவிலோ, மோட்டர் ரிப்பேரோ, பாட்டிக்காக பேசினதோ. நோட்டை மட்டும் காட்டினா ஒரு பிள்ளையைப் பாப்பாங்க, வீடியோவை மட்டும் காட்டினா வேற பிள்ளையைப் பாப்பாங்க, அதனால ரெண்டையும் ஒரே மேஜைல வெச்சு, பாத்து முடிக்கற வரைக்கும் எந்திரிக்காதீங்க.